டியூப் விலையைப் பார்க்காதீங்க, உள்ளே இருக்கும் சரக்கைப் பாருங்க!



ஊறுகாய், பினாயில், பால் மாடு என்று பல தொழில்களைப் பற்றி நம் செய்தி மடலில் படித்திருப்பீர்கள். இந்த முறை, படம் வரைந்து விற்கும் குழுக்களுக்காக எழுதுகிறோம். வரையாதவர்களும் படிக்கலாம். ஒரு பொருளை விலையை வைத்து வாங்குவதா, தரத்தை வைத்து வாங்குவதா என்ற கேள்வி எல்லாத் தொழிலுக்கும் பொதுதானே!

முதலில் எங்கள் குழுவுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கண்காட்சியில் 14 எண்ணெய் வண்ணப் படங்களை, படம் 800 ரூபாய் வீதம் விற்றோம். சந்தோஷமா ஊர் திரும்பினோம். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 3 படங்கள் திரும்பி வந்தன. மூன்றுமே தாமரைக் குளப் படம். ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார்களாம். நாங்கள் வரைந்தது செந்தாமரை. திரும்பி வந்தது வெண்தாமரை! ரோஸ் நிறம் முழுக்க வெளுத்துப் போச்சு. குழுப் பணத்திலிருந்து 2,400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். பணம் போனது ஒரு பக்கம், "மகளிர் குழுப் பொருள் இவ்வளவுதான்" என்று ஒரு அம்மா சொன்ன வார்த்தைதான் ரொம்ப வலித்தது.

தப்பு யாருடையது? மலிவா இருக்கு என்று கேள்வி கேட்காமல் வாங்கியது நாங்கள்தான். அதற்குப் பிறகு விசாரித்து, சோதித்துக் கற்றுக்கொண்டதை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

எந்த "ஆயில் பெயின்ட்"?

கடையில் போய் "ஆயில் பெயின்ட் கொடுங்க" என்றால் கதவுக்கும் கேட்டுக்கும் அடிக்கிற எனாமல் டப்பாவை எடுத்து வைப்பார்கள். அது வேறு, படம் வரையும் எண்ணெய் வண்ணம் வேறு. "ஆர்ட்டிஸ்ட் ஆயில் கலர், டியூபில் வருவது" என்று தெளிவாகக் கேளுங்கள். டப்பா எனாமலை டியூப் வண்ணத்தோடு கலந்து வரையவே கூடாது. இரண்டும் காயும் விதம் வேறு வேறு. மேல் பூச்சு வெடித்துப் போகும்.

டியூபுக்குள் என்ன இருக்கு?

இரண்டே சரக்குதான் முக்கியம். ஒன்று நிறப்பொடி. இன்னொன்று அந்தப் பொடியைக் குழைக்கிற எண்ணெய். பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய்.

ஏன் ஆளி விதை எண்ணெய்? தேங்காய் எண்ணெயைப் பலகையில் தடவிப் பாருங்கள், மாதக் கணக்கானாலும் பிசுபிசு என்றே இருக்கும். ஆளி விதை எண்ணெய் அப்படி இல்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகி, ஆடை மாதிரி கெட்டியாகிவிடும். தண்ணீர் வண்ணம் போல ஆவியாகிக் காய்வது இல்லை. அதனால்தான் எண்ணெய் வண்ணப் படம் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காயவே சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகிறது. அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் குழைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

முன்காலத்தில் மேல்நாட்டு ஓவியர்கள் வண்ணத்தைக் குழைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். மூடி போட்ட தகர டியூபை 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்தார். அதன் பிறகு வண்ணம் செய்வது பெரும்பாலும் கம்பெனி வேலை ஆனது. ஓவியருக்குச் சிரமம் குறைந்தது. ஆனால் உள்ளே என்ன சேர்ந்திருக்கு என்பது நம் கண்ணுக்கு மறைந்தும் போனது.

சிக்கரி கலந்த காப்பியும் மாணவர் தர வண்ணமும்

கடையில் இரண்டு தரம் கிடைக்கும். "ஸ்டூடண்ட்" என்று எழுதியிருப்பது மாணவர் தரம். "ஆர்ட்டிஸ்ட்" என்று எழுதியிருப்பது ஓவியர் தரம்.

ஓவியர் தரத்தில் நிறப்பொடி அதிகம். மாணவர் தரத்தில் நிறப்பொடி குறைவு, சுண்ணாம்புத் தூள், பேரியம் சல்பேட் போன்ற நிரப்புப் பொருள் அதிகம். விலை உயர்ந்த பொடிக்குப் பதிலாக அதே மாதிரி தெரியும் மலிவான பொடியையும் போடுவார்கள்.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. காப்பித்தூளில் சிக்கரி கலப்பது மாதிரிதான். கலந்திருக்கு என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அது ஒரு தரம், அவ்வளவுதான். பழகுவதற்கு மாணவர் தரமே போதும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு விற்கிற படத்துக்கு எது வேண்டும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

"ஆர்ட்டிஸ்ட்" என்ற வார்த்தையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. யார் வேண்டுமானாலும் டியூபில் அப்படி அச்சடிக்கலாம். மற்ற விவரங்களையும் படிக்க வேண்டும்.

டியூபில் உள்ளதைப் படிப்பது எப்படி?

இதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஐந்து விஷயத்தைப் பார்த்தால் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

1. நிறப்பொடி எண்: ஒவ்வொரு நிறப்பொடிக்கும் உலகம் முழுக்க ஒரே எண்தான். முதல் எழுத்து "பி" என்பது நிறப்பொடி என்பதைக் குறிக்கும். அடுத்த எழுத்து நிறத்தைச் சொல்லும். "டபிள்யூ" வெள்ளை, "ஒய்" மஞ்சள், "ஆர்" சிவப்பு, "பி" நீலம், "ஜி" பச்சை. பி.டபிள்யூ.6 என்றால் டைட்டானியம் வெள்ளை. பி.பி.29 என்றால் அல்ட்ராமரின் நீலம். பெயரைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைப்பார்கள். எண் மாறாது. இந்த எண்ணே போடாத டியூப் என்றால் உஷாரா இருங்க.

2. "ஹ்யூ" என்ற வார்த்தை: "காட்மியம் ரெட் ஹ்யூ" என்றிருந்தால் அதில் காட்மியம் இல்லை, அந்த நிறம் போலத் தெரியும் வேறு பொடி என்று அர்த்தம். கெட்டது என்று இல்லை. ஆனால் அசல் விலை கொடுத்து வாங்கக் கூடாது.

3. நிலைப்புக் குறி: வெயிலிலும் வெளிச்சத்திலும் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது. ரோமன் எண்ணில் ஒன்று என்றால் மிக நன்று, இரண்டு என்றால் நன்று, மூன்றும் அதற்கு மேலும் என்றால் விற்கும் படத்துக்கு வேண்டாம். வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி ஏ.ஏ., ஏ, பி, சி என்று எழுத்தில் போடுகிறது. அதில் முதல் இரண்டும் நம்பகமானவை. சில கம்பெனிகள் நட்சத்திரமோ கூட்டல் குறியோ போடும். எண்ணிக்கை கூடக் கூட நல்லது.

4. சின்னச் சதுரம்: முழுக்கக் கறுப்பான சதுரம் என்றால் அடியில் உள்ளதை மறைக்கும் வண்ணம். வெறும் சதுரம் என்றால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் வண்ணம். இது தரம் இல்லை, குணம். ஊடுருவும் வண்ணத்தை வாங்கிவிட்டு "மறைக்கவே மாட்டேங்குது, மட்டம்" என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம்.

5. சீரிஸ் எண்: இது விலை வரிசை மட்டும்தான். சீரிஸ் 4, சீரிஸ் 1-ஐ விடத் தரமானது என்று நினைக்காதீர்கள். உள்ளே உள்ள பொடி விலை அதிகம், அவ்வளவே. ஒரே கம்பெனியின் ஓவியர் தரத்தில் சீரிஸ் 1 வண்ணம் நூறு வருஷம் நிற்கும், அதைவிட விலை கூடியது வெளுத்துப் போகும், அப்படியும் உண்டு.

வெளுக்கும் நிறம் எது, வெளுக்காத நிறம் எது?

மண்ணிலிருந்து வரும் நிறங்களை வெயில் ஒன்றும் செய்யாது. கோலத்துக்குக் காவி பூசுகிறோம், கோயில் மதிலில் காவிப் பட்டை அடிக்கிறார்கள். மழையில் கரையுமே தவிர, வெயிலில் வெளுப்பதில்லை. காரணம் அதில் இருப்பது இரும்புத் துரு வகை. தஞ்சைப் பெரிய கோயில் உள்சுவரில் சோழர் காலத்து ஓவியங்கள் ஆயிரம் வருஷம் கழித்தும் தெரிகின்றன. அவை எண்ணெய் வண்ணம் இல்லை, சுண்ணாம்புச் சுவரில் தீட்டியவை. ஆனால் அதிலும் காவி, மஞ்சள் மண் போன்ற நிறங்கள்தான். டியூபில் யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அம்பர் என்று வருபவை இந்த இனம். நிலைக்கும், விலையும் குறைவு.

வெளுப்பவை பெரும்பாலும் சாயத்திலிருந்து செய்த ரோஸ், ஊதா, கருஞ்சிவப்பு. அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் பி.ஆர்.83 எண் போட்டது வந்தால் அது நாளடைவில் வெளுக்கும் இனம். வெள்ளையோடு கலந்து ரோஸ் ஆக்கினால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். அதற்குப் பதிலாக பி.வி.19 எண்ணுள்ள க்வினாக்ரிடோன் ரோஸ் வாங்கலாம். கண்ணைப் பறிக்கும் புளோரசன்ட் நிறங்கள் பக்கமே போக வேண்டாம்.

இந்தத் தவறு நமக்கு மட்டும் நடந்தது இல்லை. வான்கா 1888-ல் தன் படுக்கையறையை ஒரு படமாக வரைந்தார். உலகப் புகழ் பெற்ற படம். அதில் சுவர் இன்று நீலமாகத் தெரிகிறது. அவர் பூசியது ஊதா. கலந்த சிவப்பு மட்டும் வெளுத்துப்போய் நீலம் மிஞ்சிவிட்டது. நம்ம தாமரைக்கு நடந்ததும் இதேதான்!

நாமே செய்யும் நாலு சோதனை

ஒரு பெட்டி வாங்கும் முன் ஒரே ஒரு டியூப் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். இரண்டு கம்பெனியை ஒப்பிடும்போது ஒரே நிறம், ஒரே நிறப்பொடி எண்ணாக இருக்கட்டும். காவியையும் ரோஸையும் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது.

எண்ணெய்ச் சோதனை: பழுப்புக் காகிதத்தில் சுண்டைக்காய் அளவு பிதுக்கி ஒரு நாள் விடுங்கள். சுற்றி எண்ணெய் வளையம் படரும். கொஞ்சம் படர்வது சகஜம். மூடியைத் திறந்ததுமே எண்ணெய் வழிந்து, வளையமும் அகலமாகப் படர்ந்தால் பொடி குறைவு.

வெள்ளைச் சோதனை: இதுதான் முக்கியம். ஒரு சின்னக் கரண்டி நீலம் எடுங்கள். டைட்டானியம் வெள்ளையை அதே கரண்டியால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இளநீல வானம் நிறம் வர எத்தனை கரண்டி வெள்ளை பிடித்தது என்று எழுதுங்கள். அதிக வெள்ளையைத் தாங்குவது சத்துள்ள வண்ணம்.

மறைப்புச் சோதனை: வெள்ளை அட்டையில் கறுப்புப் பேனாவால் பட்டையாகக் கோடு போடுங்கள். மேலே வண்ணத்தைக் கத்தியால் மெல்லிசாக ஒரே கனத்தில் இழுங்கள். எந்த டியூப் கோட்டை நன்றாக மறைக்கிறது, எது திரிதிரியாக நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

வெயில் சோதனை: ஒரு அட்டையில் ஒவ்வொரு நிறத்தையும் தனியாக ஒரு பட்டை, வெள்ளை கலந்து ஒரு பட்டை பூசுங்கள். இரண்டு வாரம் காயட்டும். பாதி அட்டையைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். தேதி எழுத மறக்காதீர்கள். பிறகு காகிதத்தை எடுத்தால் வெளுத்த பக்கமும் வெளுக்காத பக்கமும் அருகருகே தெரியும். மூடிய பக்கத்தில் வெள்ளை கொஞ்சம் மஞ்சளடித்திருந்தால் பயப்பட வேண்டாம். இருட்டில் எண்ணெய் அப்படி ஆகும், வெளிச்சம் பட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்தச் சோதனையை நாங்கள் அப்போதே செய்திருந்தால் அந்த 3 படமும் திரும்பி வந்திருக்காது.

மலிவு எது? கணக்குப் போடுவோம்

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மாணவர் தர நீலம் 20 மி.லி. 60 ரூபாய். ஓவியர் தர நீலம் 40 மி.லி. 240 ரூபாய். மில்லிக்குப் பார்த்தால் முதலாவது 3 ரூபாய், இரண்டாவது 6 ரூபாய். இரண்டு மடங்கு விலை!

இப்போ வெள்ளைச் சோதனையை வைத்துப் பாருங்கள். மாணவர் தர நீலம் ஒரு மில்லி, 4 மில்லி வெள்ளையைத் தாங்குது. ஓவியர் தரம் ஒரு மில்லி, 12 மில்லி வெள்ளையைத் தாங்குது. அப்படியானால் 12 மில்லி வெள்ளையை வான நிறமாக்க மலிவு வண்ணம் 3 மில்லி வேண்டும், செலவு 9 ரூபாய். நல்ல வண்ணம் ஒரு மில்லி போதும், செலவு 6 ரூபாய். எது மலிவு?

ஆனால் ஒன்று. வெள்ளை கலக்காமல் அப்படியே கனமாகப் பூசும் இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மில்லி விலையும் மறைப்புத் திறனும்தான் கணக்கு. அதனால் எந்த நிறத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள்.

முழுப் படத்துக்கும் கணக்குப் போட்டோம். எங்கள் படம் ஒன்றுக்கு மலிவு வண்ணம் 60 ரூபாய் ஆனது. நல்ல வண்ணம் போட்டால் 110 ரூபாய். படத்துக்கு 50 ரூபாய் வித்தியாசம், 14 படத்துக்கு 700 ரூபாய். அந்த 700 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 2,400 ரூபாயை விட்டோம். பேரும் கெட்டது.

எதை நல்லதாக வாங்குவது, எதில் மிச்சம் பிடிப்பது?

சிவப்பு, ரோஸ், ஊதா, பளிச்சென்ற மஞ்சள்: இவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஓவியர் தரம், நிலைப்பு ஒன்று அல்லது இரண்டு உள்ளதாக வாங்குங்கள்.

மண் நிறங்கள்: ஓவியர் தரமே விலை குறைவு. மாணவர் தரத்திலும் வெளுப்பதில்லை. எது கிடைத்தாலும் சரி.

தேலோ நீலம் (பி.பி.15): இது ரொம்பக் காரமான நிறம். ஒரு சொட்டு பத்துச் சொட்டை விழுங்கிவிடும். மாணவர் தரமே பல வேலைக்குப் போதும்.

அல்ட்ராமரின் நீலம்: துணிக்குப் போடும் பழைய நீலப்பொடியும் இந்தச் சரக்குதான். ஓவியர் தரத்திலும் கட்டுப்படியாகும் விலைதான்.

வெள்ளை: அதிகம் செலவாவது இதுதான். பெரிய டியூபாக வாங்கினால் மில்லி விலை குறையும். டைட்டானியம் வெள்ளை வாங்குங்கள். துத்தநாக வெள்ளை (பி.டபிள்யூ.4) நாளாக நாளாக மொறுமொறுப்பாகி வெடிக்கும்.

24 நிறப் பெட்டி ஆசையை விடுங்க. நல்ல நிறம் ஏழு, எட்டு இருந்தால் மற்றதைக் கலந்து எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். எவ்வளவு நல்ல வண்ணம் வாங்கினாலும் பூசுகிற முறை தப்பினால் வெடிக்கும். அடிப் பூச்சில் டர்பன்டைன் கலந்து மெல்லிசாகவும், மேல் பூச்சில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்துவிட்டு டியூபைக் குறை சொல்லக் கூடாது.

உடம்பு முக்கியம், வீடு முக்கியம்

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு அடைபட்டு, தீக்குச்சி இல்லாமலே தானாகத் தீப்பிடிக்கும். துணியைத் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

டர்பன்டைனை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

பிளேக் ஒயிட், கிரெம்னிட்ஸ் ஒயிட் என்ற பெயரிலோ பி.டபிள்யூ.1 என்ற எண்ணிலோ வருவது ஈய வெள்ளை. விஷம். வாங்கவே வேண்டாம். வீட்டுக்கு அடிக்கும் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. காட்மியம், கோபால்ட் வண்ணங்களும் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. தூரிகையை வாயில் வைத்து முனை கூர்மையாக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இன்றோடு விட்டுவிடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளைக்குச் சோறு ஊட்டுங்கள். வண்ணம் குழைத்த கிண்ணம் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

சேர்ந்து வாங்கினால் லாபம்

ஒரு குழு ஐந்து டியூப் வாங்கினால் கடைக்காரர் சொன்னதுதான் விலை. படம் வரையும் குழுக்கள் எல்லாம் சேர்ந்து கூட்டமைப்பு மூலம் வாங்கினால் பேரம் பேசலாம். மூன்று கடையில் விலைப்புள்ளி கேளுங்கள். நிறப்பொடி எண், தரம், மி.லி. அளவு மூன்றையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அப்போதுதான் விலையை ஒப்பிட முடியும். பில் வாங்கி இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வெயில் சோதனை அட்டையையும் அதோடு வையுங்கள். அடுத்து வரும் பொறுப்பாளருக்கு உதவும்.

டியூபை அடியிலிருந்து அமுக்குங்கள். மூடும் முன் மரையைத் துடையுங்கள். இறுக்கி மூடி வைத்தால் வண்ணம் வருஷக் கணக்கில் கெடாது.

நாங்கள் இப்போது செந்தாமரை வரைவதை நிறுத்தவில்லை. ரோஸை மாற்றினோம், சோதனை அட்டையை ஜன்னலில் ஒட்டினோம், மூன்று மாதம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி தூரிகையைத் தொட்டோம். கண்காட்சிக்குப் போகும்போது அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போகிறோம். "வெளுக்குமா?" என்று கேட்பவர்களிடம் எடுத்துக் காட்டுகிறோம். அதைப் பார்த்த பிறகு பேரம் பேசுபவர்கள் குறைவு.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத அக்காக்களுக்கு டியூபைக் கையில் கொடுத்து எண்ணைக் காட்டுங்கள். நம் கையால் போன பொருள் பத்து வருஷம் கழித்தும் ஒரு வீட்டுச் சுவரில் அதே நிறத்தோடு நிற்கட்டும். மகளிர் குழுப் பொருள் என்றால் நம்பி வாங்கலாம் என்று அந்த வீட்டார் நாலு பேரிடம் சொல்லட்டும்!